பிளஸ் டூவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகள் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு வீட்டிலேயே படிக்கிறாள். வயது 13 முடிந்துவிட்டது. பழைய வீடுகளை வரைவதில் அவளுக்குப் பெரிய ஆசை, ஆர்க்கிடெக்ட் ஆக வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்கிறாள். சமீபத்தில் உறவினர் ஒருவர் மருத்துவமனையில் இருந்தபோது கூடவே இருந்துவிட்டு வந்து, இப்போது டாக்டர் என்கிறாள். கணக்கு வரும், ஆனால் தானாக உட்கார்ந்து போட மாட்டாள். வீட்டில் ஐயாவும் அப்பத்தாளும் "பத்தாவது சர்டிபிகேட் இல்லாம பிள்ளையை என்ன செய்யப் போறீங்க?" என்று தினமும் கேட்கிறார்களாம். பத்துக்கும் பிளஸ் டூவுக்கும் எந்தப் பாடங்கள், எந்த வாரியம், எந்த வருஷத்தில் எது, இதனால் ஏதாவது கதவு அடைபட்டுப் போகுமா என்பது கேள்வி.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கும்.

13 வயதில் அவள் என்னவாகப் போகிறாள் என்று அவளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இப்போது பார்க்க வேண்டியது, எதை விட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம் என்பதை மட்டும்தான். பி.ஆர்க். சேர பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் கட்டாயம். அவற்றோடு வேதியியல், உயிரியல், கணினி அறிவியல் போன்றவற்றில் ஒன்று இருந்தால் போதும். பொறியியலுக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 200 மதிப்பெண்ணில் 100 கணக்குக்கே போகிறது, மீதி இரண்டுக்கும் தலா 50. மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், அப்புறம் நீட்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இயற்பியல் எல்லாவற்றிலும் இருக்கிறது. கணக்கு இரண்டில் இருக்கிறது. உயிரியல் ஒன்றில் மட்டும். அந்த உயிரியலுக்கும் இப்போது ஒரு வழி உண்டு. தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, பிளஸ் டூவை உயிரியல் இல்லாமல் முடித்தவர்கள் பிறகு அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம். ஆக, உயிரியல் திரும்பத் திறக்கக்கூடிய கதவு. கணக்கையும் பிறகு கூடுதல் பாடமாக எழுத விதியில் இடம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் 15 வயதில் கணக்கை விட்டுவிட்டு 18-இல் நுண்கணிதத்தைக் கையில் எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு தினசரிப் பழக்கத்தில் நிற்கும் பாடம். இரண்டு வருஷம் விட்டால் கை மறந்துவிடும். உங்கள் மகளுக்கு எந்தப் பாடம் தானாக வராதோ அதுதான் விடக்கூடாத பாடமாகவும் அமைந்திருக்கிறது. ஆகவே திட்டத்தின் நடுத்தூண் கணக்கு. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வரட்டும்.

இனி வாரியம். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு நம் பக்கத்தில் நடைமுறையில் இருக்கும் வழிகள் மூன்று. சி.பி.எஸ்.இ.யில் தனித்தேர்வராக நுழைய மிகக் குறைந்த வகையினருக்கே அனுமதி, அதை மறந்துவிடுங்கள்.

முதல் வழி என்.ஐ.ஓ.எஸ்., அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989-இல் மத்திய அரசு தொடங்கியது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும், படிக்கத் தகுதி இருக்கிறது என்று சுய உறுதிமொழி கொடுத்தால் போதும். ஐந்து பாடங்கள் எழுதித் தேற வேண்டும், விரும்பினால் இரண்டு கூடுதலாக எடுக்கலாம். மொழிப் பாடம் ஒன்றாவது வேண்டும், இரண்டுக்கு மேல் கூடாது. தேர்ச்சிக்கு 33 சதவீதம். பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும், அதற்குள் ஒன்பது பொதுத்தேர்வு வாய்ப்புகள். தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். எல்லாப் பாடத்தையும் ஒரே முறை எழுத வேண்டியதில்லை. தேறிய பாடம் கணக்கில் நிற்கும். இந்த ஒரு வசதிக்காகவே வீட்டுக் கல்விக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, தமிழ்நாடு அரசின் எஸ்.எஸ்.எல்.சி.யைத் தனித்தேர்வராக எழுதுவது. இதற்கு 14½ வயது ஆக வேண்டும். அறிவியல் செய்முறைக்கு அரசு குறிப்பிடும் பள்ளியில் முன்கூட்டியே பெயர் பதிந்து பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். பாடநூல் கையில் கிடைக்கும், தெருவுக்கு ஒரு டியூஷன் இருக்கிறது, இவை பெரிய நன்மைகள். சிக்கல் பிளஸ் டூவில் வரும். நேரடித் தனித்தேர்வராக அறிவியல் பிரிவை எழுத வழி இல்லை, செய்முறை இல்லாத பாடங்களோடு நிற்க வேண்டியதுதான். ஆகவே பதினொன்றாம் வகுப்பில் அவள் பள்ளிக்குத் திரும்புவாள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இந்த வழி. அப்போதும் சேர நினைக்கும் பள்ளியில் இப்போதே போய்ப் பேசிவிடுங்கள்.

மூன்றாவது கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ., பத்தாவதுக்கு இணையான பிரிட்டன் வாரியத் தேர்வு. பாடத்திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் தனிக் கட்டணம், மொத்தச் செலவு என்.ஐ.ஓ.எஸ்.ஸைப்போலப் பல மடங்கு, தேர்வு மையம் பெருநகரங்களில். உள்நாட்டில் ஆர்க்கிடெக்சரோ மருத்துவமோ படிக்கப் போகும் பிள்ளைக்கு இந்தச் செலவு தேவையே இல்லை என்பது என் கருத்து.

என்.ஐ.ஓ.எஸ். படித்தால் டாக்டராக முடியாது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பழைய விதிமுறையில் அப்படி ஒரு தடை இருந்தது உண்மை. 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதை நீக்கியது. அதை எதிர்த்துப் போன மேல்முறையீடும் 2024-இல் உச்சநீதிமன்றத்தில் முடிந்துபோனது. ஐயாவிடம் இந்த இரண்டு வருஷங்களையும் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்புக்கு என் பட்டியல்: தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஆறாவதாக ஓவியம். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் கணக்கோ அறிவியலோ இல்லாமலேயே பத்தாவது தேறிவிடலாம். மனையியல், தரவு உள்ளீடு என்று சுலபமான பாடங்களை எடுத்து முடித்துவிடச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். பாலிடெக்னிக் போகக்கூட பத்தாவதில் கணக்கும் அறிவியலும் கேட்பார்கள். சமூக அறிவியலை நான் சேர்ப்பதற்குக் காரணம், நடுவில் பள்ளிக்குத் திரும்ப நேர்ந்தால் வழக்கமான ஐந்து பாடங்களும் மதிப்பெண் பட்டியலில் இருக்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தமிழை மொழிப் பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுத நினைத்தால் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள் ஒன்று கட்டாயம் இருக்கிறது.

பயிற்றுமொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். பிளஸ் டூ அறிவியல், அதன் பிறகு கல்லூரி என்று பார்த்தால் ஆங்கில வழியில் எழுதுவது வசதி. ஆனால் புரிந்துகொள்வது தமிழில் நடக்கட்டும். தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தைத் தமிழ்ப் புத்தகத்தில் முதலில் படித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தில் இரண்டாவது முறை படிக்கச் சொல்லுங்கள். என்.ஐ.ஓ.எஸ். புத்தகத்தை அதற்குப் பிறகு திறந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும்.

காலக் கணக்கு இப்படி வரலாம். 14 நிறைந்ததும் பதிவு. ஏப்ரல் தேர்வுக்கான சேர்க்கை முந்தைய ஆண்டு மார்ச் நடுவில் தொடங்கும், அக்டோபர் தேர்வுக்கானது முந்தைய ஆண்டு செப்டம்பர் நடுவில். முதல் அக்டோபரில் தமிழும் சமூக அறிவியலும் மட்டும் எழுதட்டும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து கையால் எழுதுவது, பார்க்கோடு ஒட்டிய விடைத்தாள், தெரியாத மேற்பார்வையாளர், இதெல்லாம் அவளுக்குப் புதிது. பயம் தெளிய இரண்டு தாள் போதும். அடுத்த ஏப்ரலில் கணக்கு, அறிவியல், ஆங்கிலம், ஓவியம். கணக்கைத் தள்ளித் தள்ளிக் கடைசிக்கு விடுவது வீட்டுக் கல்வியில் வழக்கமாக நடக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

பத்தாவது தேறியதற்கும் பிளஸ் டூ முடிப்பதற்கும் இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது விதி. அவள் 15½ வயதில் பத்தாவதை முடித்தால் 17½-இல் பிளஸ் டூ முடியும். நீட்டுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 நிறைந்திருக்க வேண்டும், அதுவும் சரியாக அமைகிறது. அவசரப்படுத்தி ஒரு வருஷம் மிச்சம் பிடிப்பதில் எந்த லாபமும் இல்லை. இன்னொன்று, பிளஸ் டூவின் கடைசிப் பாடம் ஏப்ரல் தேர்வில் முடிந்தாக வேண்டும். ஒரு தாளை அக்டோபருக்கு வைத்தால் கலந்தாய்வு போய்விடும், ஒரு வருஷம் வீண்.

பிளஸ் டூ பாடங்கள்: ஆங்கிலம், கணக்கு, இயற்பியல், வேதியியல். ஐந்தாவது ஓவியமா உயிரியலா என்பதை இன்று முடிவு செய்ய வேண்டாம். பத்தாவது முடிந்த பிறகு ஆறு மாதம் பதினொன்றாம் வகுப்பு உயிரியல் புத்தகத்தை நேர்மையாகப் படிக்கட்டும். ஒரு மருத்துவமனையில் நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து வரும் இரக்கம் உயர்வானது. அது உயிரியலின் பெயர்ப் பட்டியல்களை இரண்டு வருஷம் மனப்பாடம் செய்யும் பொறுமையாக மாறுமா என்பது தனிக் கேள்வி, அந்த ஆறு மாதம் பதில் சொல்லிவிடும். நான்கு அறிவியல்களையும் ஒன்றாகச் சுமப்பதை நான் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. நீட்டுக்கும் பி.ஆர்க். நுழைவுத் தேர்வான நாட்டாவுக்கும் ஒரே வருஷத்தில் தயாரான பிள்ளை இரண்டிலும் அரைகுறையாக நிற்கும். தமிழ்நாட்டில் பி.ஆர்க். தரவரிசைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பாதி, நாட்டா மதிப்பெண்ணுக்குப் பாதி என்று எடுக்கிறார்கள். வரைவதில் இவ்வளவு ஆசை இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பாதி பெரிய பலம்.

செய்முறைத் தேர்வைப் பதிவு செய்யும்போதே யோசிக்க வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் என்.ஐ.ஓ.எஸ். அங்கீகரித்த படிப்பு மையத்துக்குப் போய்ச் செய்முறை வகுப்பும் தேர்வும் முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே தேறியாக வேண்டும். பதிவின்போது நீங்கள் தேர்ந்தெடுக்கும் மையம்தான் உங்கள் மையம். பக்கத்தில் தோதான மையம் அமையாவிட்டால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டி வரும். ஆய்வகத்தில் சோதனைக் குழாயும் தராசும் உண்மையில் இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பெயர் கொடுங்கள். வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் டி.எம்.ஏ. ஒப்படைப்புக்கு 20 சதவீத மதிப்பு உண்டு. கடைசித் தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள், அதில் மதிப்பெண் இழப்பது வீண் இழப்பு.

இவ்வளவும் சான்றிதழுக்கான வேலை. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம், வாரம் ஆறு நாள் ஒழுங்காக உட்கார்ந்தால் இது நடந்துவிடும். அதில் ஒரு மணி நேரம் தினமும் கணக்கு, காலையில் முதல் வேலையாக, ஞாயிறு தவிர. பள்ளிக்கூட அட்டவணையை வீட்டில் எட்டு பீரியடாக ஒட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்ததே அந்த மீதி நேரத்துக்காகத்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அந்த மீதி நேரத்துக்கு உங்கள் ஊரைவிட நல்ல இடம் கட்டடக்கலை படிக்க நினைக்கும் பிள்ளைக்குக் கிடைக்காது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. உங்கள் உறவில் யாருடையதாவது பெரிய வீடு ஒன்று பூட்டிக் கிடக்கும். அனுமதி கேட்டு அதை ஒரு வருஷம் அளக்கட்டும். முகப்பு, திண்ணை, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று ஒவ்வொன்றாக நாடா பிடித்து அளந்து, 1:50 அளவில் வரைபடமாக்கட்டும். வளவைச் சுற்றிய ஓட்டுச் சாய்வின் கோணத்தை நிழலையும் உயரத்தையும் வைத்துக் கணக்கிடும்போது முக்கோணவியல் அவளுக்குத் தேவைப்படும். உட்கார மாட்டேன் என்கிற பிள்ளை அந்த இடத்தில் தானே உட்காரும். வளவில் விழும் மழைநீர் எவ்வளவு, கூரைப் பரப்பு எவ்வளவு, அது எங்கே போய்ச் சேர்கிறது, ஊருணிக்கு வரத்துக்கால் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டுக்கொண்டே போனால் கணக்கு, புவியியல், ஊர் வரலாறு மூன்றும் ஒரே நோட்டில் சேரும்.

சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகுகிறது. பத்தாம் வகுப்பு வேதியியலில் சிதைவு வினை, சேர்க்கை வினை, வெப்ப உமிழ் வினை என்று வரும் மூன்றும் அந்த ஒரு பூச்சில் இருக்கின்றன. பூவேலைத் தரைக்கல் செய்யும் ஆத்தங்குடிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். சூளையே கிடையாது. சிமென்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது என்பதை அந்தத் தொட்டியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கல்லில் இருக்கும் பூவேலையில் எது சுழற்சிச் சமச்சீர், எது எதிரொளிப்பு என்று பிரித்து வரைந்தால் அது நாட்டாவுக்கு நேரடித் தயாரிப்பு.

காரைக்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில், 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே இருக்கிறது. அதை நடத்தும் மத்திய ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.-இன் நிறுவன நாள் செப்டம்பர் 26. அதை ஒட்டி அதன் ஆய்வகங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. முன்கூட்டியே விசாரித்து அழைத்துப் போங்கள். பிள்ளையார்பட்டிக் குடைவரையும் கீழடி அருங்காட்சியகமும் அவளுடைய சமூக அறிவியல் வகுப்பாக இருக்கட்டும்.

செய்ததை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தேதி, என்ன பார்த்தாள், என்ன அளந்தாள், எது தப்பாக வந்தது, எப்படித் திருத்தினாள். பதினேழு வயதில் அது ஒரு தொகுப்பாக இருக்கும். டிசைன் கல்லூரிகளின் நேர்காணலில் இப்படிப்பட்ட தொகுப்பைக் கேட்பார்கள்.

ஐயாவிடம் பேசும்போது ஒன்றைச் சொல்லலாம். அவருடைய முந்தைய தலைமுறையில் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பெட்டியடிப் பையனாகப் போய்க் கடையில் உட்கார்ந்து கணக்குக் கற்றார்கள். அந்தப் படிப்பு நின்றதற்குக் காரணம், ஒவ்வொரு நாள் எழுதிய பேரேட்டையும் அடுத்தாள் பார்ப்பார், அவருக்கு மேலே மேலாள் பார்ப்பார். சலுகை கிடையாது. உங்கள் திட்டத்தில் குறைவது அந்த அடுத்தாள்தான். தாய் சொல்லிக்கொடுத்துத் தாயே திருத்தினால் மனசு இளகும், மதிப்பெண் கூடும், பொதுத்தேர்வில் அது தெரிந்துவிடும். கணக்குக்கும் இயற்பியலுக்கும் வெளியாள் ஒருவர் வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியரோ பொறியியல் கல்லூரி மாணவரோ யாராக இருந்தாலும் சரி, வாரத்துக்கு ஒரு முறை தாளைத் திருத்தி, தப்பைத் தப்பு என்று சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை என்.ஐ.ஓ.எஸ். பழைய வினாத்தாளை நேரம் வைத்து முழுசாக எழுதட்டும்.

அயல்நாட்டில் உறவுகள் இருக்கும், யாராவது அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்று சொல்வார்கள். அங்கே வீட்டுக் கல்விப் பிள்ளைக்கு நான்கு வருஷப் பாடப் பட்டியலும் ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட்டும் பெற்றோரே தயாரித்துக் கொடுப்பார்கள். ஒரு கிரெடிட் சுமார் 120 மணி நேரப் படிப்பு. மணி நேரக் கணக்கை இப்போதிருந்து குறித்துவந்தால் அந்த வழியும் திறந்திருக்கும், கூடுதல் செலவு ஒன்றும் இல்லை.

வீட்டுக் கல்வியில் இழப்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்திலும் பொறியியலிலும் அவளுக்குக் கிடையாது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் கிடையாது. இந்தச் சலுகைகளை நம்பித்தான் மேற்படிப்பு என்றால், அரசுப் பள்ளியை விட்டு எடுக்கும் முன் யோசித்திருக்க வேண்டிய விஷயம். உங்கள் கேள்வியைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்கு இது முக்கியம்.

கடைசியாகக் காகிதங்கள். எட்டு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களிடம் பொறியியல் கலந்தாய்வில் நேட்டிவிட்டி கேட்பதில்லை, அவளிடம் கேட்பார்கள். அந்தப் பிறப்பிடச் சான்றை இ-சேவை மையம் வழியாக முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சாதிச் சான்றும் ஏழாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழும் பத்திரமாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றில் இனிஷியல் இல்லாமல் ஒரு எழுத்துக்கூட்டல், ஆதாரில் அப்பா பெயரை முழுசாகச் சேர்த்து இன்னொன்று, மாற்றுச் சான்றிதழில் இனிஷியலோடு வேறொன்று என்று நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும். என்.ஐ.ஓ.எஸ். படிவத்தில் போடும் பெயர்தான் பத்தாவது சான்றிதழில் வரும், அதுதான் பாஸ்போர்ட் வரைக்கும் போகும். அவளுக்கு 14 ஆக இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இந்த மாதமே மூன்றையும் எடுத்து வைத்து ஒப்பிட்டு, ஆதார் திருத்தம் தேவைப்பட்டால் முதலில் அதை முடித்துவிட்டுப் பதிவுக்குப் போங்கள்.